கீபோர்டு நின்று போன நாளும் நான் கற்ற பாடமும்

(நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கூட்டமைப்பின் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் உறுப்பினர் பேசியது.)



மைக்கைப் பிடித்தாலே எனக்குக் கை நடுங்கும். குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கச் சொன்னாலே ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாசிப்பேன். ஆனால் தலைவி அக்கா, "நீ பேசித்தான் ஆகணும். அந்தக் கீபோர்டு கதையைச் சொல்லு. எல்லாக் குழுவுக்கும் அது தெரியணும்"னு சொல்லிட்டாங்க. அதனால வந்து நிக்கிறேன். பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. அதுக்கப்புறம் கல்யாணம், பிள்ளைகள், மாடு, முருங்கைத் தோட்டம்னு காலம் ஓடிப் போச்சு. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கத்தான் பேனாவைத் தொடுவேன். குழுவில் சேர்ந்த பிறகு, கையெழுத்து நல்லா இருக்குன்னு தீர்மான நோட்டை என்கிட்ட கொடுத்தாங்க. அப்புறம் நம்ம கூட்டமைப்புக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு. ஒன்றியத்தில் மூணு நாள் பயிற்சி கொடுத்தாங்க. போக வர மினி பஸ். என் மாமியார்தான் பிள்ளைகளையும் மாட்டையும் பார்த்துக்கிட்டாங்க. "போயிட்டு வா, நீ கத்துக்கிட்டா நாலு பேருக்கு உதவும்"னு சொன்னாங்க. அந்த வார்த்தையை இன்னைக்கும் நினைச்சுக்கிறேன்.

தமிழ்நாட்டில் நம்மைப் போன்ற குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில்தான் முதல்ல தொடங்கினதுன்னு பயிற்சியில் சொன்னாங்க. அப்போ எல்லாமே நோட்டுதான். இப்பவும் நோட்டு இருக்கு. நம்ம 14 குழுக்களோட சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், வட்டி எல்லாம் பேரேட்டில் இருக்கிறபடி இருக்கும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏத்துறது என் வேலை. ஒரு கையில் பேரேடு, ஒரு கையில் கீபோர்டு. இந்த ரெண்டும்தான் என்னை மாட்டி விட்டுச்சு. அது எப்படின்னு கடைசியில் சொல்றேன்.

போன வருஷம் ஆடி மாசம். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து கணக்கு ஏத்திக்கிட்டு இருந்தேன். திடீர்னு எழுத்து வரல. அடிக்கிறேன், வரல. மவுஸ் மட்டும் நகருது. என்ன செஞ்சேன் தெரியுமா? கீபோர்டை ரெண்டு தட்டுத் தட்டினேன். டிவி ரிமோட்டைத் தட்டுவோம்ல, அது மாதிரி. செயலாளர் மதினி வந்து அவங்களும் ரெண்டு தட்டுத் தட்டினாங்க. ஒண்ணும் நடக்கல. கூடியிருந்தவங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. "வைரஸ் வந்துருச்சு"ன்னு ஒருத்தர், "கரண்ட்டு கூடக் குறைய வந்து கெட்டுப் போச்சு"ன்னு ஒருத்தர். சரின்னு, சிபியூவைப் பழைய சேலையில் சுத்தி, பிள்ளையை மடியில் வச்சுக்கிற மாதிரி வச்சுக்கிட்டு மினி பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். கீபோர்டையும் பையில் எடுத்துக்கிட்டேன்.

கடையில் மூணு நாள் வச்சிருந்தாங்க. "கீபோர்டு பழசாயிடுச்சு, விண்டோஸும் கெட்டுப் போச்சு, ஃபார்மேட் பண்ணி எல்லாம் புதுசா போட்டிருக்கோம்"னு சொன்னாங்க. புதுக் கீபோர்டுக்கு 450 ரூபாய், சாஃப்ட்வேர் வேலைக்கு 1,200 ரூபாய். மொத்தம் 1,650 ரூபாய். பில்லை வாங்கிக்கிட்டு வந்து மாட்டினேன். கீபோர்டு நல்லா வேலை செஞ்சது. சந்தோஷமா கணக்குப் போட்டிருந்த ஃபோல்டரைத் தேடினா, அதைக் காணோம். எட்டு மாசக் கணக்கு மொத்தமும் போயிருந்துச்சு. ஃபார்மேட் பண்ணினா உள்ளே இருக்கிறது எல்லாம் அழிஞ்சு போகும்கிறது எனக்கு அப்போ தெரியாது. "உள்ளே இருக்கிறதைப் பத்திரமா எடுத்து வச்சுட்டுச் செய்யுங்க"ன்னு நான் கடையில் சொல்லவும் இல்லை. அவங்களும் கேட்கல.

பேரேடு இருந்ததால தப்பிச்சோம். ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வச்சுட்டு வந்து, 23 ராத்திரி உட்கார்ந்து எல்லாத்தையும் முதல்ல இருந்து ஏத்தினேன். அந்த மாசக் கூட்டத்தில் செலவு வாசிச்சப்ப ஒரு அக்கா எழுந்திருச்சு, "1,650 ரூபாய் யாரோட காசு? ஒரு பட்டனு வேலை செய்யலைன்னு இவ்வளவு செலவா?"ன்னு கேட்டாங்க. நான் வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனா இப்போ யோசிச்சுப் பார்த்தா, அந்த அக்கா கேட்டது நியாயம். மாசம் 100 ரூபாய் சேமிக்கிற ஒரு உறுப்பினருக்கு அது பதினாறு மாசத்துக்கும் மேல சேர்த்த சேமிப்பு. அவங்க கேட்காம வேற யார் கேட்பாங்க?

அடுத்தது தை மாசம், பொங்கல் முடிஞ்ச வாரம். மறுநாள் காலையில் மூணு குழுக்களோட கடன் பட்டியலை பேங்கில் கொடுக்கணும். யார் யாருக்கு எவ்வளவு, எதுக்காக, பழைய கடன் எவ்வளவு கட்டியிருக்காங்க, எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கணும். அந்த நாளை விட்டா, ஒரு வாரம் தள்ளிப் போகும். பட்டியலில் இருந்த ஒரு சகோதரியோட பொண்ணுக்கு நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டணும். அந்தச் சகோதரி மத்தியானத்தில் இருந்து வாசப்படியிலேயே உட்கார்ந்திருந்தாங்க. மணி மூணு. மூணாவது குழுவோட பட்டியல் அடிச்சுக்கிட்டு இருக்கேன். கீபோர்டு நின்னு போச்சு.

எனக்கு நெஞ்சு பக்குனு ஆயிருச்சு. மவுஸ் நகருது, எழுத்து வரல. ஆடி மாசம் நடந்தது அப்படியே நடக்குது. செயலாளர் மதினி, "வண்டி சொல்லவா, டவுனுக்குக் கொண்டு போறியா?"ன்னு கேட்டாங்க. இன்னொரு மூணு நாள், இன்னொரு பில்லு, இன்னொரு தடவை ஃபார்மேட். நான், "இருங்க மதினி, கொஞ்சம் பார்ப்போம்"னு சொன்னேன். எங்க இருந்து அந்தத் தைரியம் வந்துச்சுன்னு தெரியல.

அப்போ ஒரு விஷயம் மனசில் பட்டுச்சு. நம்ம குழுக் கணக்கில் பத்து ரூபாய் இடிச்சா நாம என்ன செய்வோம்? நோட்டைத் தூக்கி அடுப்பில் போட்டுட்டுப் புது நோட்டு வாங்குவோமா? மாட்டோம். கூட்டினது சரியா, போன வாரம் கொண்டு வந்த இருப்பு சரியா, ரசீது விட்டுப் போச்சான்னு ஒவ்வொரு வரியா பார்த்துக்கிட்டு வருவோம். எந்த வரி சரியோ அதுக்கு ஒரு டிக் போடுவோம். மிச்சம் இருக்கிற வரியில்தான் தப்பு இருக்கும். அதே மாதிரி இதையும் பார்ப்போம்னு ஒரு காகிதத்தை எடுத்து வச்சுக்கிட்டேன்.

முதல் வரி, கம்ப்யூட்டரே நின்னு போச்சா, கீபோர்டு மட்டுமா? மவுஸை வச்சு ஒரு ஃபோல்டரைத் திறந்தேன், திறந்துச்சு. அப்போ கம்ப்யூட்டர் நிக்கல. டிக். அடிச்ச வரைக்கும் மவுஸாலேயே சேவ் பண்ணிக்கிட்டேன்.

ரெண்டாவது வரி, வயர். கீபோர்டு வயரைப் பிடுங்கி, சிபியூ முன்னாடி இருக்கிற ஓட்டையில் இருந்து எடுத்து, பின்னாடி இருக்கிற ஓட்டையில் சொருகினேன். வயரை எலி கடிச்சிருக்கான்னு முழுசும் தடவிப் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. ஆனாலும் எழுத்து வரல.

மூணாவது வரி, ஒரு தடவை அணைச்சுப் போடுறது. மவுஸை வச்சு ரீஸ்டார்ட் கொடுத்தேன். இங்கதான் ஒரு ஆச்சரியம். திரும்ப வந்தப்ப பாஸ்வேர்டு கேட்டுச்சு. அடிச்சேன், அடிக்க முடிஞ்சது! அப்பாடான்னு உள்ளே போனா, மறுபடியும் எழுத்து வரல. வாசல் வரைக்கும் வேலை செய்யுது, வீட்டுக்குள்ள போனா செய்யல. இதைக் காகிதத்தில் எழுதிக்கிட்டேன்.

நாலாவது வரி, மாத்திப் பார்க்கிறது. பக்கத்தில் இ-சேவை மையம் நடத்துற தங்கச்சிகிட்ட கீபோர்டைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். நம்ம கீபோர்டை அவங்க கம்ப்யூட்டரில் மாட்டினோம். அருமையா வேலை செஞ்சது. அவங்க கீபோர்டைக் கடன் வாங்கிட்டு வந்து நம்ம கம்ப்யூட்டரில் மாட்டினேன். வேலை செய்யல. அப்போ கோளாறு கீபோர்டில் இல்லை, உள்ளே ஏதோ மாறிப் போயிருக்கு. அந்த இடத்தில் எனக்குப் பாதி பயம் போயிருச்சு. புதுக் கீபோர்டு வாங்கினாலும் பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சு போச்சே.

ஆனா என்ன மாறியிருக்குன்னு தெரியல. மணி நாலு ஆகப் போகுது. அப்போ அங்க உட்கார்ந்திருந்த நம்ம முதியோர் குழு அப்பத்தா, "என்னாத்தா, இந்தக் கட்டையில ஒண்ணும் விழ மாட்டேங்குதா? நான் அமுக்கிப் பார்க்கவா?"ன்னு கேட்டாங்க. சரி அப்பத்தான்னு விட்டேன். நாமெல்லாம் தட்டுவோம். அப்பத்தா தட்டல. ரேஷன் கடை மிஷினில் ரேகை வைக்கிற மாதிரி, கட்டை விரலை வச்சு நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. திரையில் ஒரு எழுத்து வந்து விழுந்துச்சு!

நான் எழுந்து நின்னுட்டேன். நானும் அமுக்கிப் பிடிச்சேன். ஒரு விநாடி கழிச்சு எழுத்து வருது. தட்டினா வரல, பிடிச்சா வருது. அப்போ கீபோர்டு சாகல, மெதுவா கேட்குது. படிச்ச நாங்க ஒரு மணி நேரமா தட்டிக்கிட்டு இருந்தோம். எழுத்தே தெரியாத அப்பத்தாதான் கண்டுபிடிச்சுக் கொடுத்தாங்க. இங்கேயேதான் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க.

அதுக்கப்புறம் திரையை நல்லா உத்துப் பார்த்தேன். வலது பக்கம் கீழே, மணி காட்டுற இடத்துக்குப் பக்கத்தில், ஓட்டப்பந்தயத்தில் நேரம் பார்க்கிற கடிகாரம் மாதிரி ஒரு சின்னப் படம். அது முன்னாடி அங்க இருந்ததில்லை. அதை மவுஸால தட்டினேன். இங்கிலீஷில் ஒரு பக்கம் திறந்துச்சு. என் போனை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டி, தமிழில் மாத்திப் படிச்சேன். அதில் இருந்த பேரு 'ஃபில்டர் கீஸ்'. அதுக்குப் பக்கத்தில் இருந்த பொத்தானை மவுஸால ஆஃப் பண்ணினேன். கீபோர்டைத் தட்டினேன். எழுத்து பொரி பொரிஞ்ச மாதிரி வந்து விழுந்துச்சு. வாசப்படியில் இருந்த சகோதரி கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பட்டியல் முடிஞ்சது. மறுநாள் காலையில் பேங்கில் கொடுத்துட்டோம். செலவு ஒத்தை ரூபாய் இல்லை.

இப்போ அந்த ஃபில்டர் கீஸ் என்னன்னு சொல்றேன். ஃபில்டர்னா வடிகட்டி. டீ வடிகட்டி தூளைப் பிடிச்சு வச்சுக்கிட்டு டீயை மட்டும் விடுதுல்ல? அது மாதிரி, லேசா தட்டுற எழுத்தை எல்லாம் இது கழிச்சுடும். அழுத்திப் பிடிக்கிற எழுத்தை மட்டும் விடும். கை நடுங்குறவங்க அடிக்கும்போது, தெரியாம பக்கத்து எழுத்து மேல கை பட்டுப் பட்டுத் தப்புத் தப்பா விழும். அவங்களுக்கு உதவியா இருக்கட்டும்னுதான் இதை வச்சிருக்காங்க. நல்ல விஷயம்தான். நம்ம மாற்றுத்திறனாளிகள் குழுவில் யாராவது கம்ப்யூட்டர் கத்துக்க வந்தா, அவங்களுக்கு இதைப் போட்டுக் கொடுக்கலாம். நமக்குத் தெரியாம அது விழுந்ததுதான் பிரச்சினை.

சரி, அது எப்படி விழுந்துச்சு? கீபோர்டில் வலது பக்கம் 'ஷிஃப்ட்'னு ஒரு பெரிய கட்டை இருக்கு. அதை எட்டு விநாடி தொடர்ந்து அமுக்கிப் பிடிச்சா, டொய்ங்னு ஒரு சத்தம் வந்து, "ஃபில்டர் கீஸைப் போடவா?"ன்னு இங்கிலீஷில் கேட்டு ஒரு பெட்டி வரும். நான் எங்க எட்டு விநாடி அமுக்கினேன்? நான் அமுக்கலைங்க. பேரேடு அமுக்குச்சு. மேஜை சின்னது. பேரேட்டைக் கீபோர்டோட வலது ஓரத்தில் சாய்ச்சு வச்சுத்தான் பார்த்துப் பார்த்து அடிப்பேன். அதோட கனம் ஷிஃப்ட் கட்டை மேல விழுந்திருக்கு. பெட்டி வந்திருக்கு. நான் என்ன செஞ்சேன்? வேலை அவசரத்தில், இங்கிலீஷில் என்னமோ கேட்குதேன்னு, படிக்காமலே 'என்டர்' தட்டிட்டேன். என்டர் தட்டினா 'ஆமா'ன்னு அர்த்தம்.

சகோதரிகளே, இன்னைக்கு இந்த மேடையில் ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். தை மாசம் அந்தப் பெட்டி வந்ததும், நான் என்டர் தட்டினதும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஆடி மாசமும் அப்படி ஒரு பெட்டி வந்த ஞாபகம் இருக்கு. அன்னைக்கும் பேரேடு அங்கேதான் சாஞ்சிருந்துச்சு. அன்னைக்கு நடந்தது இதுதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா என் மனசு இதுதான்னு சொல்லுது. அப்படின்னா அந்த 1,650 ரூபாயும், எட்டு மாசக் கணக்கும், நான் படிக்காம தட்டின ஒரே ஒரு தட்டில் போனது. இதைத் தலைவி அக்காகிட்ட சொன்னப்ப, "பணத்தை நான் திருப்பிக் கட்டிடுறேன்"னு சொன்னேன். அக்கா, "வேணாம். கத்துக்கிட்டதை எல்லாருக்கும் சொல்லிக் கொடு, அதுவே வரவு"ன்னு சொன்னாங்க. அந்த வரவை வைக்கத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

இனிமேல் எந்தக் குழுவில், எந்த வீட்டில் கீபோர்டு நின்னாலும், பிள்ளைகள் படிக்கிற கம்ப்யூட்டரா இருந்தாலும், கடைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுறதுக்கு முன்னாடி இந்த வரிசையில் பாருங்க.

முதலாவது, மவுஸ் நகருதா? நகரலைன்னா கம்ப்யூட்டரே நின்னு போச்சு, கீபோர்டு மேல பழி போடாதீங்க. கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்க. அப்படியும் நகரலைன்னா பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சுட்டு மறுபடியும் போடுங்க. சேவ் பண்ணாத வேலை போயிடும், அதனால அப்பப்ப சேவ் பண்ணிக்கோங்க.

இரண்டாவது, 'கேப்ஸ் லாக்' கட்டையைத் தட்டுங்க. நிறையக் கீபோர்டில் அதுக்கு ஒரு சின்ன லைட் இருக்கும். தட்டத் தட்ட லைட் எரிஞ்சு அணைஞ்சா, கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிட்டுத்தான் இருக்கு.

மூன்றாவது, வயர். தட்டையான யூஎஸ்பி முனைன்னா, பிடுங்கி வேற ஓட்டையில் சொருகுங்க. சிபியூவோட பின்பக்கம் சொருகிப் பார்க்கிறது நல்லது. ரொம்பப் பழைய கீபோர்டில் உருண்டையா ஊசி ஊசியா முனை இருக்கும், அதுக்கு ஊதா நிற ஓட்டை. அதை மட்டும் கம்ப்யூட்டரை அணைச்சுட்டுத்தான் கழட்டி மாட்டணும். வயர் இல்லாத கீபோர்டுன்னா, பேட்டரியை மாத்துங்க, அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அது ஆன்ல இருக்கான்னு பாருங்க.

நான்காவது, ரீஸ்டார்ட். பாஸ்வேர்டு கேட்கிற இடத்தில் எழுத்து விழுதான்னு கவனிங்க. அங்க விழுந்து உள்ளே விழலைன்னா, கீபோர்டு நல்லாத்தான் இருக்கு.

ஐந்தாவது, அப்பத்தா முறை. ஒரு எழுத்தைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்க. வந்தா, ஃபில்டர் கீஸ்தான். வலது ஷிஃப்டை மறுபடியும் எட்டு விநாடி அமுக்கிப் பிடிச்சாலே அது போயிடும். இல்லைன்னா செட்டிங்ஸில் கீபோர்டு பக்கத்தில் போய் ஆஃப் பண்ணலாம். ஷிஃப்டை ஐந்து தடவை படபடன்னு தட்டினாலும் வேற ஒரு பெட்டி வரும், அது 'ஸ்டிக்கி கீஸ்'. அதுக்கும் படிக்காம என்டர் தட்டாதீங்க. மவுஸால 'நோ' கொடுங்க.

ஆறாவது, மாத்திப் பார்க்கிறது. நம்ம கீபோர்டை வேற கம்ப்யூட்டரில், வேற கீபோர்டை நம்ம கம்ப்யூட்டரில். ரெண்டு பக்கமும் பார்த்தாத்தான் முடிவு சரியா வரும். கீபோர்டே கெட்டதுன்னு தெரிஞ்சா, கீபோர்டை மட்டும் வாங்குங்க. சிபியூவைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டியதில்லை. புதுசு வர்ற வரைக்கும் திரையிலேயே ஒரு கீபோர்டை வரவழைச்சு, மவுஸால ஒவ்வொரு எழுத்தா தட்டி அவசர வேலையை முடிக்கலாம். 'ஆன் ஸ்கிரீன் கீபோர்டு'ன்னு பேரு. நேரம் ஆகும், ஆனா வேலை நிக்காது.

கணக்கு எழுதுறவங்களுக்கு இன்னும் ரெண்டு. வலது பக்கம் இருக்கிற எண் கட்டைகள் மட்டும் வேலை செய்யலைன்னா, 'நம் லாக்'கை ஒரு தடவை தட்டுங்க. எக்செலில் அம்புக்குறி கட்டையைத் தட்டினா கட்டம் மாறாம தாளே நகருதுன்னா, 'ஸ்க்ரோல் லாக்' விழுந்திருக்கு, அதைத் தட்டுங்க. கூட்டமைப்பில் சேர்ந்த புதுசில் ரெண்டுக்கும் நான் பயந்து கம்ப்யூட்டரை அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிருக்கேன்.

ஒண்ணு ரெண்டு எழுத்து மட்டும் வரலைன்னா, பெரும்பாலும் அடியில் குப்பைதான். முறுக்குத் தூள், எறும்பு, தலைமுடி. கம்ப்யூட்டரை அணைச்சு, வயரைக் கழட்டி, கீபோர்டைக் கவிழ்த்து மெதுவா தட்டுங்க, சின்ன பிரஷ்ஷால துடைங்க. டீயோ தண்ணியோ கொட்டிட்டா உடனே வயரைப் பிடுங்கிக் கவிழ்த்து வச்சுடுங்க. நிழலில் குறைஞ்சது ஒரு நாள் முழுக்கக் காயட்டும். வெயிலில் போட்டா பிளாஸ்டிக் நெளிஞ்சிடும். ஆனா மடிக்கணினியில் தண்ணி கொட்டினா, உடனே அணைச்சு, சார்ஜர் வயரைக் கழட்டி, தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துடுங்க. அதுக்கு நம்ம வைத்தியம் ஆகாது.

கடைக்குக் கொண்டு போயே ஆகணும்னு வந்தா, தைரியமா ஒரு வார்த்தை சொல்லுங்க: "உள்ளே இருக்கிற கணக்கை எடுத்து வைக்காம ஃபார்மேட் பண்ணக் கூடாது." நாம என்னென்ன பார்த்தோம்னு எழுதின காகிதத்தையும் கையில் கொடுங்க. தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்காங்கன்னு அவங்களும் நிதானமா பார்ப்பாங்க. இன்னொன்னு, திரையில் திடீர்னு ஒரு பெட்டி வந்து, "உங்க கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு, இந்த நம்பருக்குப் போன் பண்ணு"ன்னு சொன்னா, பண்ணாதீங்க. அது கோளாறு இல்லை, திருட்டு.

நம்ம கூட்டமைப்பில் இப்போ மூணு தீர்மானம் போட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை தோறும் கணக்கை பென் டிரைவில் எடுத்து பொருளாளர் அக்காகிட்ட கொடுக்கணும். தலைவி, செயலாளர் ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம ஃபார்மேட்டுக்குக் கொடுக்கக் கூடாது. பேரேடு வைக்கத் தனியா ஒரு ஸ்டாண்டு. அந்த ஸ்டாண்டை என் வீட்டுக்காரர் பழைய பலகையில் அடிச்சுக் கொடுத்தார். அதுக்கும் செலவு இல்லை. நான் பார்த்த வரிசையைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கேன். அன்னைக்குச் செலவைக் கேட்ட அந்த அக்காதான், தாளுக்குப் பசை காய்ச்சிக் கொடுத்தாங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை. கீபோர்டில் நான் செஞ்ச தப்பு கீபோர்டில் மட்டும் நடக்கிற தப்பில்லை. "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா"ன்னு ஒருத்தர் நீட்டுவார். பக்கம் பக்கமா இங்கிலீஷில் இருக்கும். பின்னாடி வரிசை நிக்கும். அவசரத்தில் போட்டுட்டு வந்துடுவோம். வீடு தேடி வந்து கடன் கொடுக்கிறேன்னு சொல்றவங்க காகிதத்திலும் அப்படித்தான் போடுறோம். போனில் ஏதோ கேட்கும், 'ஓகே'ன்னு தட்டிடுவோம். புரியாதது முன்னாடி வந்து நின்னா, நமக்குச் சீக்கிரம் 'ஆமா' சொல்லிடணும்னு தோணுது. புரியலைன்னு சொல்ல வெட்கப்படுறோம். அந்த வெட்கத்துக்கு நான் கொடுத்த விலை 1,650 ரூபாயும் 23 ராத்திரியும். நீங்க கொடுக்காதீங்க. "இருங்க, படிச்சுட்டுச் சொல்றேன்"னு சொல்லுங்க. படிக்கத் தெரியலைன்னா, "படிச்சுக் காட்டுங்க"ன்னு சொல்லுங்க. அதைச் சொல்றதுக்கு பத்தாம் வகுப்புகூட வேண்டாம்.

கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே நின்னு எட்டிப் பார்க்கிற சகோதரிகளுக்குச் சொல்றேன், உள்ளே வாங்க. வர்ற மாசத்தில் இருந்து சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் நான் சொல்லித் தர்றேன். குழுவுக்கு ஒருத்தராவது வாங்க. எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான். தெரியாததை அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க நம்ம அப்பத்தா இருக்காங்க.